அணு உலை வெடித்தால் திருகோணமலைப் பிள்ளைகளுக்கு என்ன ஆகும்?

கேள்வி இதுதான். போன கிழமை திருக்கடலூர்ப் பக்கம் ஒரு குரல் பதிவு கைபேசிக்குக் கைபேசி ஓடியிருக்கிறது. "இந்தியாவில் அணு உலை வெடித்துவிட்டது, மூன்று மணித்தியாலத்தில் நஞ்சுக் காற்று திருகோணமலைக்கு வந்துவிடும், கதவைப் பூட்டுங்கள், அயடீன் குடியுங்கள், ஆறு மாதத்துக்கு மீன் வாங்காதீர்கள்." அப்படி ஒன்றும் நடக்கவில்லை என்பது அன்று பின்னேரமே தெரிந்துவிட்டது. ஆனால் ஏழு மாதக் கைக்குழந்தையும் ஐந்து வயது மகனும் உள்ள ஒரு தாய்க்குப் பயம் போகவில்லை. உண்மையிலேயே நடந்தால் எல்லாருக்கும் புற்றுநோய் வருமா, புண்ணுக்குப் பூசும் அயடீனைக் குடிக்கலாமா, கணவர் பிடித்து வரும் மீனைப் பிள்ளைக்குக் கொடுக்கலாமா, புல்மோட்டை மண்ணிலும் கதிர்வீச்சு இருக்கிறதாமே என்று கேட்டிருக்கிறார்.

தங்கச்சி, நான் முப்பது வருடத்துக்குக் கிட்ட ஆஸ்பத்திரியில் எக்ஸ்றே பகுதியில் வேலை செய்தவன். வாங்கிய கதிர்வீச்சை அளக்கும் சின்ன அட்டையைச் சட்டையில் குத்திக்கொண்டே காலம் கழித்தேன். அதனால் இதைப் பற்றி வாசிப்பது எனக்குத் தொழிலாகவும் இருந்தது, கொஞ்சம் உயிர்ப்பயமாகவும் இருந்தது. தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் அந்த மூன்று மணித்தியாலக் கணக்கு. நமக்குக் கிட்ட இருக்கும் இந்திய அணுமின் நிலையங்கள் இரண்டு. கூடங்குளம் திருகோணமலையில் இருந்து நேர்கோட்டில் ஏறத்தாழ 390 கிலோமீற்றர். கல்பாக்கம் ஏறத்தாழ 450 கிலோமீற்றர். 390 கிலோமீற்றரை மூன்று மணித்தியாலத்தில் கடக்க வேண்டும் என்றால் காற்று மணிக்கு 130 கிலோமீற்றர் வேகத்தில் அடிக்க வேண்டும். அது புயல். அப்படிப் புயல் அடித்தால் உங்கள் முதல் கவலை கூரைத் தகடாகத்தான் இருக்கும். சாதாரணமாக மணிக்கு 20 கிலோமீற்றர் வேகத்தில் வந்தால்கூட ஏறத்தாழ இருபது மணித்தியாலம் ஆகும். அதுவும் நேராக நம்மைப் பார்த்து வந்தால். வருகிற வழியெல்லாம் அந்தப் புகை விரிந்து, கலைந்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே விழுந்துகொண்டேதான் வரும்.

சரி, கதிர்வீச்சு வேறு, கதிர்வீசும் தூசு வேறு என்பதை முதலில் பிரித்துக்கொள்வோம். இங்கேதான் படித்தவர்களும் குழம்புகிறார்கள். உப்புவெளிக் கடற்கரைக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகிறீர்கள். வெயில் சுடுகிறது. குடைக்குள் வந்தால் வெயில் நின்றுவிடும். அதை யாரும் வீட்டுக்குக் கொண்டுபோவதில்லை. மணல் அப்படி அல்ல. காலில், தலைமயிரில், சட்டைப் பையில் ஒட்டிக்கொண்டு வீட்டுக்கு வரும், படுக்கையில் கிடக்கும், கை கழுவாவிட்டால் சோற்றோடு வயிற்றுக்குள்ளும் போகும். எக்ஸ்றே என்பது வெயில் மாதிரி. எடுத்து முடிந்த கணமே முடிந்துவிட்டது; நோயாளியைத் தொட்டால் நமக்கு ஒன்றும் வராது. அணு உலை விபத்தில் ஊருக்கு வருவது மணல் மாதிரியான சங்கதி. கண்ணுக்குத் தெரியாத தூசு, ஒவ்வொரு துகளும் தன் பங்குக்குக் கொஞ்சம் வெயிலைக் கையில் வைத்திருக்கும் தூசு. தோலில் இருந்தால் கழுவிவிடலாம். உடுப்பைக் கழற்றிப் போட்டுவிட்டுச் சவர்க்காரம் போட்டுக் குளித்தாலே பெரும்பகுதி போய்விடும். உள்ளே போனதுதான் சிக்கல்.

உள்ளே போவதிலும் எல்லாம் ஒரே குணம் இல்லை. நூற்றுக்கணக்கான பொருட்கள் வெளியே வந்தாலும் மக்களின் உடம்புக்குக் கணக்கு வைக்க வேண்டியவை சிலதான். அயடீன் 131 கழுத்தில் உள்ள தைரொயிட் சுரப்பியில் போய்ச் சேரும். எட்டு நாளுக்கு ஒருமுறை பாதியாகக் குறையும். சீசியம் 137 பாதியாக 30 வருடம் எடுக்கும். ஆனால் உடம்பு அதைப் பொட்டாசியம் என்று நினைத்துத் தசைக்குள் எடுத்துக்கொண்டு, பிறகு சிறுநீரில் விட்டுவிடும். பெரியவர்களின் உடம்பில் மூன்று மாதம், மூன்றரை மாதத்தில் பாதி வெளியேறிவிடும், பிள்ளைகளில் இன்னும் வேகமாக. ஸ்ட்ரோன்சியம் 90 கல்சியத்தின் வேஷம் போட்டு எலும்புக்குள் குடியேறும். அது லேசில் வெளியே வராது. நல்ல காலம், பெரிய உலை விபத்துகள் நடந்த உக்ரேனின் செர்னோபிலிலும் யப்பானின் புகுஷிமாவிலும் அது சீசியத்தைவிடக் குறைவாகவே வெளியே வந்தது.

1986 ஏப்ரல் 26 அதிகாலை செர்னோபிலின் நான்காவது உலை வெடித்தது. பயங்கரக் கதைகளில் வருகிற, தோல் எரிந்து மயிர் கொட்டிச் சில கிழமைகளில் சாகிற நோய் அங்கே உண்மையில் நடந்தது. 134 பேருக்கு அந்தக் கடும் கதிர்வீச்சு நோய் உறுதியானது. அவர்களில் 28 பேர் அந்த வருடமே இறந்தார்கள். யார் இவர்கள்? உலையில் வேலை செய்தவர்களும் தீயணைக்க ஓடிப் போனவர்களும். மூன்று கிலோமீற்றர் தள்ளி இருந்த பிரிப்பியாட் நகரத்தில் ஏறத்தாழ 49,000 பேர் இருந்தார்கள். அவர்களை அடுத்த நாள்தான் வெளியேற்றினார்கள். அவர்களில் ஒருவருக்குக்கூட அந்த நோய் வரவில்லை. அந்த நோய் வர ஏறத்தாழ 1000 மில்லிசீவேட் அளவு கதிர்வீச்சைக் குறுகிய நேரத்தில் வாங்க வேண்டும். மில்லிசீவேட் என்பது உடம்பு வாங்கும் கதிர்வீச்சுக்கு நாங்கள் வைத்திருக்கும் அளவுகோல். சும்மா பூமியில் வாழ்வதற்கே உலகச் சராசரியாக ஒரு மனிதர் வருடத்துக்கு 2.4 மில்லிசீவேட் வாங்குகிறார். வயிற்றை ஒரு சி.டி. ஸ்கேன் எடுத்தால் 10 அளவில் வரும். செர்னோபில் சுற்றுவட்டாரத்தில் இருந்து வெளியேற்றப்பட்டவர்கள் வாங்கியது சராசரியாக 30 அளவில். ஆகவே 390 கிலோமீற்றர் தள்ளி இருக்கும் நமக்கு அந்தச் சாவு வராது. இதை நான் தயங்காமல் சொல்வேன்.

அப்படியென்றால் செர்னோபிலில் பொதுமக்களுக்கு ஒன்றும் நடக்கவில்லையா? நடந்தது. உங்கள் இரண்டு பிள்ளைகளையும் மனதில் வைத்துக்கொண்டுதான் அடுத்ததை எழுதுகிறேன்.

சோவியத் அரசாங்கம் வாய் திறக்கவில்லை. ஏப்ரல் 28ஆம் திகதி சுவீடனில் ஃபோர்ஸ்மார்க் அணுமின் நிலையத்துக்கு வேலைக்கு வந்த ஒருவரின் சப்பாத்தில் கதிர்வீச்சு இருப்பதைக் கருவி காட்டிக் கொடுத்த பிறகுதான் உலகத்துக்குச் செய்தி தெரிந்தது. கீயெவ் நகரத்தில் மே தின ஊர்வலம்கூட நடந்தது. அந்த நாட்களில் பெலாரஸ், உக்ரேன் கிராமங்களில் புல்லின் மேல் அயடீன் 131 விழுந்து கிடந்தது. மாடு ஒரு நாளில் எவ்வளவு புல் மேயும்! அவ்வளவு புல்லில் கிடந்ததையும் திரட்டிப் பாலில் விட்டது. அந்தப் பாலைப் பிள்ளைகள் குடித்தார்கள். சொந்தமாக ஒரு மாடு வைத்திருந்த ஏழைக் குடும்பங்களின் பிள்ளைகள்தான் கூடுதலாகக் குடித்தார்கள். பிள்ளையின் தைரொயிட் சின்னது. அந்தச் சின்னச் சுரப்பிக்குள் முழுவதும் போய்ச் சேர்ந்தால் பெரியவர்களைவிடப் பல மடங்கு அடி. போதாததற்கு அந்தப் பகுதியில் சாப்பாட்டில் அயடீன் குறைபாடும் இருந்தது. பசியோடு இருந்த சுரப்பி கிடைத்த அயடீனையெல்லாம் இழுத்துக்கொண்டது. நான்கைந்து வருடத்தில் பிள்ளைகளுக்குத் தைரொயிட் புற்றுநோய் வரத் தொடங்கியது. 2005 வரைக்கும், விபத்தின்போது 18 வயதுக்குக் கீழே இருந்தவர்களில் 6,000 பேருக்கு மேல் அந்தப் புற்றுநோய் கண்டார்கள். எல்லாமே செர்னோபிலால் வந்தவை என்று சொல்ல முடியாது. பெரிய பங்கு அதனால்தான். நல்ல வைத்தியம் உள்ள நோய் என்பதால் அதுவரை அதில் இறந்தவர்கள் 15 பேர். ஆனால் கழுத்தில் வெட்டுத் தழும்போடு வாழ்நாள் முழுவதும் மாத்திரை போட்டுக்கொண்டு வாழ்ந்தவர்கள் ஆயிரக்கணக்கில்.

எனக்கு இதை நினைக்கும்போதெல்லாம் கோபம்தான் வரும். ஏனென்றால் இது தடுத்திருக்கக்கூடியது. "இரண்டு மாதத்துக்குப் பிள்ளைக்குப் பசும்பால் கொடுக்காதீர்கள்" என்று வானொலியில் ஒரே ஒரு வரி சொல்லியிருந்தால் போதும். பக்கத்தில் போலந்து அப்படிச் சும்மா இருக்கவில்லை. சில நாட்களுக்குள் ஒரு கோடிக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு அயடீன் மருந்து கொடுத்தார்கள், பசும்பாலுக்குக் கட்டுப்பாடு போட்டார்கள்.

இப்போது நம்மூருக்கு வருவோம். கிண்ணியாவில், மூதூரில், கந்தளாயில் வயல்வெளியிலும் குளக்கரையிலும் மேயும் மாடும் எருமையும் எத்தனை! சட்டித் தயிருக்கே பேர் போன இடம் அல்லவா? கடல் கடந்து ஒரு மேகம் வந்து மழையோடு இறங்கினால், நான் முதலில் பார்க்கச் சொல்வது மீனை அல்ல, அந்தப் பாலையும் தயிரையும்தான். அதற்கு நிவாரணமும் சுலபம். கடையில் முன்பே பைக்கற்றில் அடைத்து வைத்த பால்மா இருக்கிறது. அதற்குள் எதுவும் போகாது. எண்பது நாள் பொறுத்தால் அயடீன் 131 பத்து முறை பாதியாகி ஆயிரத்தில் ஒரு பங்காகிவிடும். பாலைக் காய்ச்சினால் போகுமா என்று கேட்பீர்கள். போகாது. இது கிருமி அல்ல, கொதிக்க வைத்துக் கொல்ல. தண்ணீரும் அப்படித்தான்.

மழை என்று ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், தூரம் மட்டும் காப்பாற்றாது. செர்னோபிலில் இருந்து 2,000 கிலோமீற்றருக்கும் அப்பால் உள்ள பிரித்தானியாவின் மலைகளில், மேகம் கடக்கும் நேரம் பார்த்து மழை கொட்டியது. அங்கே புல் மேய்ந்த செம்மறியாடுகளை விற்பதற்குப் போட்ட கட்டுப்பாட்டை 2012இல்தான் முழுதாக எடுத்தார்கள். 26 வருடம்! ஆடு சாப்பிட்டவர்கள் யாரும் விழுந்து சாகவில்லை. எல்லை கடந்த அளவுக்குச் சீசியம் இருந்தது, அவ்வளவுதான். மழை பெய்த இடத்துக்கும் பெய்யாத இடத்துக்கும் வித்தியாசம் மலைக்கும் மடுவுக்கும்.

நம் கடற்றொழிலாளருக்குக் காற்றைப் பற்றி நான் சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை. கச்சான் அடிக்கும் மாதங்களில் காற்று மேற்கில், தென்மேற்கில் இருந்து வரும். கூடங்குளம் அந்தப் பக்கம்தான். ஆனால் அந்தக் காற்று மலைநாட்டுப் பக்கம் மழையை இறக்கிவிட்டு நம்மிடம் வரும்போது காய்ந்து வரும். மாரியில் நமக்கு மழை உண்டு. அப்போது வாடை வடகிழக்குக் கடலில் இருந்து வருகிறது, அந்தப் பக்கம் கிட்டடியில் உலை ஒன்றும் இல்லை. மேலே வீசும் காற்றுக் கீழே வீசும் காற்றைப் போலவே இருக்கும் என்றில்லை, ஆகவே இதை உத்தரவாதமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் நாட்டில் மன்னார், கற்பிட்டிப் பக்கம் நம்மைவிட முன்வரிசையில் இருக்கிறது. கற்பிட்டியில் இருந்து கூடங்குளம் 225 கிலோமீற்றர் அளவுதான்.

அயடீன் விஷயத்தை விரிவாகச் சொல்கிறேன், இதில்தான் ஆட்கள் தங்களுக்குத் தாங்களே கேடு செய்துகொள்கிறார்கள். புண்ணுக்குப் பூசும் அயடீனைக் குடிக்கவே கூடாது. அது தொண்டையையும் வயிற்றையும் புண்ணாக்கும், கைக்குழந்தைக்கு உயிராபத்து. 2011இல் புகுஷிமா விபத்தின்போதும் இப்படிக் குடிக்கக் கிளம்பியவர்களை உலகச் சுகாதார நிறுவனம் எச்சரிக்க வேண்டி வந்தது. உண்மையான மருந்து பொட்டாசியம் அயடைட்டு மாத்திரை. அது செய்வது ஒரே வேலை: நல்ல அயடீனால் சுரப்பியை முன்கூட்டியே நிரப்பிவிடுவது, கெட்டது வந்தால் உட்கார இடம் இல்லாமல் செய்வது. பெரியவர்களுக்கு 130 மில்லிகிராம், பிறந்த குழந்தைக்கு 16 மில்லிகிராம் என்று வயதுக்கு ஏற்ப அளவு மாறும். காற்று வருவதற்கு முந்திய ஒரு நாளுக்குள், அல்லது வந்து சில மணித்தியாலத்துக்குள் எடுத்தால்தான் பலன். ஒரு நாள் கழித்து எடுத்தால் பலனைவிடக் கெடுதிதான் கூட. சீசியத்துக்கும் ஸ்ட்ரோன்சியத்துக்கும் அது ஒன்றும் செய்யாது. பிள்ளைகள், கர்ப்பிணிகள், பால் கொடுக்கும் தாய்மாருக்குத்தான் முதலிடம். நாற்பது தாண்டிய என் போன்றவர்களுக்கு அதனால் பெரிய லாபம் இல்லை. மருந்தைச் சுகாதாரத் திணைக்களம் எடுக்கச் சொன்னால் எடுக்கலாம். குரல் பதிவு சொன்னதற்காக எடுக்கக் கூடாது.

அயடீன் கலந்த உப்பைக் கூடுதலாகச் சாப்பிடலாமா என்றால், புகுஷிமா நேரம் சீனாவில் கடைகளில் உப்பெல்லாம் வாங்கி முடித்தார்கள். கணக்குப் பாருங்கள். ஒரு பெரிய ஆளுக்கான மாத்திரையில் 100 மில்லிகிராம் அயடீன். ஒரு கிலோ உப்பில் 20 மில்லிகிராம் என்று வைத்தாலும் ஒரு மாத்திரைக்குச் சமமாக ஐந்து கிலோ உப்புத் தின்ன வேண்டும். அதற்குள் உப்பே ஆளைக் கொன்றுவிடும். ஆனால் ஒரு நல்ல விஷயம்: இலங்கையில் 1995இல் இருந்து உப்பில் அயடீன் சேர்ப்பது சட்டம். அன்றாடம் அளவாகச் சேர்கிற அந்த உப்பால் நம் பிள்ளைகளின் சுரப்பி பெலாரஸ் பிள்ளைகளுடையதைப் போல அவ்வளவு பசியோடு இருக்காது.

"எல்லாருக்கும் புற்றுநோய்" என்பதற்கு வருகிறேன். கதிர்வீச்சுப் பாதுகாப்புத் துறையில் கணக்குக்கு வைத்திருப்பது இது: 100 மில்லிசீவேட் வாங்கிய ஆயிரம் பேரை எடுத்தால், வாழ்நாளில் கூடுதலாக ஏறத்தாழ ஐந்து பேர் அதனால் புற்றுநோயில் சாகலாம். கதிர்வீச்சே இல்லாமல், வெற்றிலை, புகையிலை, வயது, தலைவிதி என்று வழமையான காரணங்களால் அதே ஆயிரம் பேரில் நூறு பேருக்குக் குறையாமல் புற்றுநோய் வரும். அந்த ஐந்து பேர் முக்கியம் இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். அந்த ஐந்தில் ஒன்று நம் வீட்டுப் பிள்ளையாக இருக்கலாம். ஆனால் அந்த ஐந்து எல்லாரும் ஆகிவிடாது. 100க்குக் கீழே போகப் போக இந்தக் கணக்கே மங்கலாகிவிடும். வழமையான புற்றுநோய்களுக்குள் அதைப் பிரித்துக் காண முடிவதில்லை. செர்னோபிலால் மொத்தம் எத்தனை பேர் சாவார்கள் என்பதற்கு ஆளுக்கொரு எண் சொல்வது இதனால்தான். மிகக் கூடுதலாகக் கதிர்வீச்சு வாங்கிய ஏறத்தாழ 6 இலட்சம் பேரில் 4,000 பேர் வரை சாகலாம் என்பது உலகச் சுகாதார நிறுவனம் சேர்ந்து செய்த மதிப்பீடு. ஐரோப்பா முழுவதையும் கூட்டினால் எண் பெரிதாகும்.

பிறக்கும் பிள்ளை ஊனமாகுமோ என்று கேட்காமல் விட்டுவிட்டீர்கள், ஆனால் பெண்கள் மனதுக்குள் கேட்கும் கேள்வி அது. ஹிரோஷிமா, நாகசாகியில் தப்பியவர்களுக்குப் பிறகு பிறந்த பல்லாயிரம் பிள்ளைகளைத் தசாப்தங்களாகப் பார்த்திருக்கிறார்கள். பரம்பரை நோய் கூடியதாகக் காணவில்லை. வயிற்றில் இருக்கும்போதே கடுமையாகப் பட்டால் மூளை வளர்ச்சிக்கு ஆபத்து உண்டு, குறிப்பாக எட்டாவது கிழமையில் இருந்து பதினைந்தாவது கிழமை வரை. அதற்கும் 100 மில்லிசீவேட்டுக்கு மேல் வேண்டும். செர்னோபில் செய்தி வந்தபோது கிரேக்கத்தில் பல பெண்கள், அப்படி ஒரு அளவு தங்களுக்குக் கிட்டவும் வராத நிலையில், வயிற்றில் இருந்த பிள்ளையைக் கலைத்துவிட்டார்கள். அந்தச் சாவுகளை எந்தக் கணக்கில் எழுதுவது?

புகுஷிமா இதன் மறுபக்கம். 2011 மார்ச் 11, நிலநடுக்கம், அப்புறம் 14, 15 மீற்றர் உயரச் சுனாமி, மின்சாரம் போய் மூன்று உலைகள் உருகின. வெளியே வந்தது செர்னோபிலில் பத்தில் ஒரு பங்கு அளவில். அதிலும் பெரும்பகுதி பசிபிக் கடல் பக்கம் போய்விட்டது. பாலில் கதிர்வீச்சுக் கண்டதும் அதை நிறுத்தினார்கள். டோக்கியோவின் ஒரு நீர் வழங்கல் நிலையத்தில் லீற்றருக்கு 210 பெக்கரல் (நொடிக்கு ஒரு அணு சிதைந்தால் ஒரு பெக்கரல்) அயடீன் கண்டதும், கைக்குழந்தைகளுக்கான எல்லை 100 என்பதால், போத்தல் தண்ணீர் கொடுத்தார்கள். மக்களில் கதிர்வீச்சால் வந்த நோய் என்று உறுதியாகக் காட்டக்கூடியது இல்லை என்று ஐ.நா. விஞ்ஞானக் குழு பத்து வருடம் கழித்தும் சொன்னது. பிள்ளைகளின் கழுத்தைப் பல இலட்சம் ஸ்கேன் செய்ததில் புற்றுநோய் பல கண்டார்கள். அவ்வளவு நுணுக்கமாகத் தேடினால் எந்த ஊரிலும் காண்பவை அவை என்பது அந்தக் குழுவின் முடிவு.

ஆனால் ஆட்கள் செத்தார்கள். வெளியேற்றும் அவசரத்தில், ஆஸ்பத்திரிப் படுக்கையில் இருந்த முதியவர்களைப் பஸ்ஸில் ஏற்றி மணிக்கணக்கில் அலைத்ததில் ஐம்பதுக்கு மேற்பட்டவர்கள் வழியிலும் போய்ச் சேர்ந்த கொஞ்ச நாளிலும் இறந்தார்கள். அப்புறம் வருடக்கணக்கில் முகாம், தனிமை, மருந்து தப்பிப் போதல், குடி, மனம் உடைதல். புகுஷிமா மாகாணத்தில் இப்படி அனர்த்தத்தைத் தொடர்ந்த சாவுகள் என்று அரசு பதிவு செய்தது 2,300க்கு மேல். இடம்பெயர்ந்த பிள்ளைகளைப் புதுப் பள்ளிக்கூடத்தில் "கிருமி" என்று கேலி செய்தார்கள். முகாம் வாழ்க்கை ஆளை எப்படித் தின்னும் என்று திருகோணமலைக்காரருக்கு யாரும் விளக்கத் தேவையில்லை.

இங்கே யாராவது "ஓடுங்கள்" என்றால் என்ன செய்வது? 2004 டிசம்பருக்குப் பிறகு "கடல் வருது" என்று யாரோ கத்தியதும் எத்தனை தடவை ஓடினோம்! இதற்கு ஓட வேண்டியதில்லை. 390 கிலோமீற்றரில் வெளியேற்றம் என்ற பேச்சுக்கே தேவை வராது. மேகம் கடக்கும் நேரம் உள்ளே இருப்பது, மழையில் நனையாமல் இருப்பது, கிணற்றை மூடி வைப்பது, கூரைத் தண்ணீரைச் சேர்க்காமல் விடுவது போதும். நமது வீடுகளில் சுவருக்கும் கூரைக்கும் நடுவே காற்றுப் போக இடைவெளி உண்டு, கதவைப் பூட்டி என்ன பலன் என்று கேட்டால், பலன் குறைவுதான், ஆனால் இல்லாமல் இல்லை. கீரையை, முருங்கை இலையை, வல்லாரையைப் பரிசோதித்துச் சொல்லும்வரை விடுங்கள். அகன்ற இலையில்தான் தூசு தங்கும். நிலத்துக்குக் கீழே இருக்கும் மரவள்ளிக்கும் தேங்காய்க்குள் இருக்கும் இளநீருக்கும் முதல் கிழமைகளில் பயமில்லை.

செய்தி யாரிடம் கேட்பது? செர்னோபிலின் மௌனத்தால் சூடு கண்ட பிறகு, இப்படி ஒரு விபத்தை அயல்நாடுகளுக்கு உடனே அறிவிக்க வேண்டும் என்ற சர்வதேச உடன்படிக்கை 1986இலேயே வந்தது. இந்தியாவும் இலங்கையும் அதில் இருக்கின்றன. இங்கே இலங்கை அணுசக்திச் சபையிடம் காற்றையும் உணவையும் அளக்கும் கருவிகள் உள்ளன. அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117. அரசாங்கம் சொல்வதை அப்படியே நம்புங்கள் என்று சொல்லும் ஆள் நான் இல்லை. ஆனால் கதிர்வீச்சு மறைக்கச் சிரமமான சங்கதி. சப்பாத்தில் ஒட்டிய தூசு சோவியத் ஒன்றியத்தையே காட்டிக் கொடுத்தது.

இனி மீன். சுனாமிக்குப் பிறகு, பிணம் தின்ற மீன் என்று சொல்லி நம் ஊரில் மாதக்கணக்கில் யாரும் மீன் வாங்கவில்லை. என் மாமியார் கருவாட்டைக்கூட வீட்டுக்குள் விடவில்லை. மீனில் பிழை இருக்கவில்லை, தொழில்தான் செத்தது. அதே கதை இங்கேயும் நடக்கலாம். கடல் மீனைவிடக் குளத்து மீனில்தான் சீசியம் கூடச் சேரும். கடல் நீரில் பொட்டாசியம் நிறைய இருப்பதால் மீன் சீசியத்தைத் தேடிப் பிடிப்பதில்லை. நன்னீரில் பொட்டாசியம் குறைவு, கிடைத்ததை விடாது. ஆகவே அப்படி ஒரு நாள் வந்தால் கந்தளாய்க் குளத்துத் திலாப்பியாவை முதலில் பரிசோதிக்கச் சொல்வேன், உங்கள் கணவர் கொண்டுவரும் பாரையை அல்ல. ஸ்ட்ரோன்சியம் எலும்பில் தங்குவதால், முள்ளோடு மென்று தின்னும் நெத்தலியைச் சூரையைவிடக் கவனமாகப் பார்க்க வேண்டும். இவை விபத்து நடந்தால் மட்டும். இன்றைக்கு இரண்டையும் பயமில்லாமல் சாப்பிடுங்கள்.

புகுஷிமாவில் இருந்து 2023 ஓகஸ்ட் 24இல் இருந்து கடலில் விடும் தண்ணீரைப் பற்றியும் அந்தக் குரல் பதிவில் இருந்ததாம். அதில் வடிகட்ட முடியாமல் மிஞ்சுவது திரித்தியம், ஒருவகை ஐதரசன். லீற்றருக்கு 1,500 பெக்கரலுக்குக் கீழே ஐதாக்கித்தான் விடுகிறார்கள். குடிநீருக்கே உலகச் சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் வழிகாட்டி அளவு 10,000. ஒரு வருடத்தில் விடக்கூடிய மொத்தத் திரித்தியத்தையும் நிறுத்தால் ஒரு கிராமில் பத்தில் ஒரு பங்குகூட வராது. அது பசிபிக், நாம் இருப்பது வங்காள விரிகுடா. இதை விட்டுவிடலாம்.

கடைசியாகப் புல்மோட்டை. ஆம், அந்தக் கறுப்பு மணலில் இல்மனைற்று, சிர்க்கோன் இவற்றோடு மொனசைற்று என்ற கனிமமும் கொஞ்சம் இருக்கிறது, அதில் தோரியம் என்ற கதிர்வீசும் உலோகம். மனிதர் செய்தது அல்ல, பூமி உண்டான நாளில் இருந்து இருப்பது. கன்னியாவில் நாம் குளிக்கும் வெந்நீரின் சூடு பூமிக்கு உள்ளே இருந்து வருகிறது. பூமியின் அந்த உட்சூட்டில் பாதியளவு இந்த மாதிரிப் பொருட்கள் சிதைவதால் வருவதுதான். உங்கள் உடம்பிலேயே இந்தக் கணத்தில் பொட்டாசியம் 40 நொடிக்குச் சில ஆயிரம் தடவை சிதைந்துகொண்டிருக்கிறது. கேரளத்தில் கருநாகப்பள்ளிக் கரையில் புல்மோட்டை போன்ற மணல் உண்டு. உலகச் சராசரியைவிடப் பல மடங்கு கதிர்வீச்சில் தலைமுறை தலைமுறையாக ஆட்கள் வாழ்கிறார்கள். ஏறத்தாழ 70,000 பேரைப் பத்து வருடமளவில் தொடர்ந்து பார்த்தும் அதனால் புற்றுநோய் கூடியதாகக் காணவில்லை. மணலைப் பிரித்து அரைக்கும் இடத்தில் தூசைச் சுவாசித்து வேலை செய்பவர்களுக்குப் பாதுகாப்புத் தேவை, அது வேறு கதை. உங்கள் மகன் அந்தப் பக்கம் போய் மணலில் விளையாடிவிட்டு வந்தால் கையைக் கழுவிவிட்டுச் சோறு கொடுங்கள். தோரியத்துக்காக அல்ல, அது மண் என்பதற்காக.